நீல நோட்டு

தம்பிக்கு,

ஜெர்மனியில் உன்னிடமிருந்து குன்னூர் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. போன ஞாயிறும் நீ போன் பண்ணவில்லை. வேலையாக இருந்திருப்பாய்.

உன் மேசையில் கிடந்த நீல நோட்டைப் படித்தேன். கேட்காமல் எடுத்தது தப்புதான். அந்த லாண்ட்பியர் என்கிற வெளிர் பீருக்கு எழுதியிருக்கிறாய்: ‘வைக்கோல் நிறம். நுரை ஒரு விரல்கடை. ரொட்டி மேல்தோல் வாசம், கொஞ்சம் தேன். கசப்பு வந்ததும் போய்விடுகிறது. ஐந்துக்கு 3.2.’ முப்பத்தி நாலு வருஷம் தேயிலை ருசி பார்த்தவன் சொல்கிறேன், ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பாம்பெர்கில் ஸ்டெஃபான்ஸ்பெர்க் மேட்டுக்குக் கூட்டிப்போனாயே, செஸ்ட்நட் மரத்தடியில். காலுக்கடியில் பாறையைக் குடைந்து பீர் வைத்த கிடங்கு, அது சூடாகாமல் இருக்கத்தான் மேலே மரம் நட்டார்கள் என்றாய். ஈஸ்ட் அடியில் தங்கி, வாரக்கணக்கில் குளிரில் கிடந்தால்தான் லாகர் வகை பீர் தெளியும் என்றாய். 1516-லேயே பவேரியாவில் வாற்கோதுமை, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர எதுவும் போடக்கூடாதென்று சட்டமாம். பெருமையாக இருந்தது. ‘பையனும் டேஸ்டர்தான்’ என்று அம்மாவிடம் சொன்னேன். எதில் என்று சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று. அதே பீருக்கு அதே ராத்திரி நாலு தரம் மார்க் போட்டிருக்கிறாய். 3.2, 3.5, 3.9, 4.4. நாலாவதில் எழுத்து கோட்டை விட்டு இறங்குகிறது. பீர் மாறவில்லை தம்பி. வரிசையாகக் கப் வைத்து உறிஞ்சினாலும் நாங்கள் துப்பிவிடுவோம். துப்பினால் பீரின் கசப்பு முழுசாகத் தெரியாது என்றாய், சரி. ஒரு வாய் விழுங்கு, போதும். அரை லிட்டரில் ஐந்து சதவீதம் என்றால் 25 மில்லி சாராயம். நாலால் பெருக்கிக்கொள்.

காலி பாட்டிலைக் கடையில் போட்டு வர நானாகத்தான் போனேன். திருப்பிக் கொடுத்தால் பாட்டிலுக்கு எட்டு சென்ட். மூணு நடை, மூணு சீட்டிலும் 1.60 யூரோ, நடைக்கு இருபது பாட்டில். நண்பர்கள் வந்தபோது குடித்தது என்றாய். நான் இருந்த மூணு வாரத்தில் யாரும் வரவில்லை.

ராத்திரி வெறும் வயிற்றோடு இருக்காதே. ஒரு வாய் போதும்.

உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பகலெல்லாம் டேஸ்டிங் ரூமில் துப்பினேன், சாயங்காலம் வளைவுக் கடையில் விழுங்கினேன். அம்மாவுக்கு வாசம் தெரியாமல் இருக்க ஏலக்காய் மெல்லுவேன். அதை வாங்கி வந்தது நீ. ஏழு வயசு. கேட்டால் பாயசத்துக்கு என்று சொல்லச் சொன்னேன். நீயும் அப்படியே சொன்னாய், கண்ணை இமைக்காமல். அம்மா நம்பினாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நிறுத்திப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. அந்த ஏலக்காய் விஷயத்தை மட்டும் உன்னிடம் பேசியதே இல்லை.

கிளம்புகிற அன்று காலையில் நீ ஆபீஸுக்குப் போடும் கறுப்புக் கோட்டைத் துவைக்கப் போடலாம் என்று பையைத் துழாவினேன். உள்ளே மூணு ஏலக்காய் இருந்தது. ஒன்று பாதி கடித்தது. இருந்தபடியே வைத்துவிட்டு, கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டேன்.

போன் பண்ணு. அம்மா பக்கத்தில் இல்லாதபோது பண்ணினாலும் சரி.

அப்பா