பாதாளத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்

பள்ளி அறிவியல், புவியியல் பாடநூல்களை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம்.

பூமி உள்ளே வெறும் கூடு. கூட்டின் நடுவே ஒரு சிறு சூரியன் எரிகிறது. நம்மைவிட உயரமும் அறிவும் மிக்க மக்கள் அங்கே வாழ்கிறார்கள். இரு துருவங்களிலும் வாசல் உண்டு. அரசுகள் கூடிப் பேசி அதை மறைக்கின்றன. இப்படி நம்பும் மாணவர்கள் என் வகுப்புக்கு ஆண்டுதோறும் தவறாமல் வருகிறார்கள். அதைக் கண்டித்து நூலில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்பதற்காக நான் எழுதவில்லை. அந்த நம்பிக்கையையே பாடமாக வைக்கச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

நீங்கள் தந்திருக்கும் பாடத்தைத் திறந்தால், கால் பங்கு வெட்டி எடுத்த பழத்தைப் போல ஒரு பூமி. மேலோடு, கவசம், கருவம் என்று மூன்று வண்ணங்கள். பக்கத்தில் தடிமன்கள். அடுத்த பக்கத்தில் கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்பதற்கு, நிலநடுக்க அலைகளால் என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம். ஆனால் வகுப்பில் கேட்கத் தெரிந்த பிள்ளை ஒன்றாவது இருக்கும். மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை எவ்வளவு ஆழம் என்று கேட்கும். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் தொடங்கி 1989இல் எட்டிய 12,262 மீட்டர் என்பேன். துளையின் அகலம் ஏறக்குறைய ஒரு சாண். அடியில் வெப்பம் 180 டிகிரி செல்சியஸ். அதற்குமேல் தோண்ட முடியவில்லை. மையம் எவ்வளவு தூரம் என்று அடுத்த கேள்வி. 6,371 கிலோமீட்டர். அப்படியானால் மீதியை யார் பார்த்தார்கள்?

இதற்கு உங்கள் நூலில் பதில் இல்லை. பிள்ளை வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் தேடினால், பதில் வைத்திருப்பதாகச் சொல்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆதாரம் காட்டாமல் பேசும் இருவரில் சுவையாகப் பேசுபவர் பக்கம் பிள்ளை சாய்வதில் வியப்பு என்ன?

ஹாலியிலிருந்து தொடங்குங்கள். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே எட்மண்ட் ஹாலிதான், 1692இல், பூமி உள்ளே கூடு என்று ஆய்வுக் கட்டுரை எழுதியவர். அவரிடம் காரணம் இருந்தது. திசைகாட்டி முள் உண்மையான வடக்கிலிருந்து விலகி நிற்கும். அந்த விலகல் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, மெல்ல மேற்கே நகர்கிறது. பாறைக்குள் பதிந்த காந்தம் எப்படி நகரும்? ஆகவே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தடித்த வெளி ஓடு, அதற்குள் ஒன்றினுள் ஒன்றாக வேறு கோளங்கள், அவை சற்றே வேறு வேகத்தில் சுழல்கின்றன என்றார். நிலவின் அடர்த்தி பூமியைவிட அதிகம் என்று நியூட்டன் தவறாகக் கணக்கிட்டு வைத்திருந்ததும் அவருக்குத் துணையாயிற்று. உள் கோளங்களில் ஒளியும் உயிர்களும் இருக்கலாம் என்று வேறு சேர்த்துக்கொண்டார். 80 வயதில் வரையப்பட்ட அவருடைய ஓவியத்தில் அந்தக் கோளங்களின் படத்தைக் கையில் பிடித்திருக்கிறார். கடைசிவரை அதை விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, அவர் பாதி சரி என்பது. பூமிக்குள் ஏதோ ஒன்று மேற்பரப்போடு ஒட்டாமல் தனியே நகர்கிறது என்ற ஊகம் தவறவில்லை. வெளிக்கருவத்தில் உருகிய இரும்பு ஓடுகிறது. திசைகாட்டி முள் நகர்வது அதனால்தான். வெற்றிடம் என்று அவர் நினைத்த இடத்தில் இரும்பு இருந்தது. நல்ல கேள்வியும் தவறான விடையும் ஒரே தலையில் இருக்கலாம் என்று பத்தாம் வகுப்பிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்து சிம்ஸ். ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ் என்ற முன்னாள் அமெரிக்கப் படை அதிகாரி, 1818இல், உலகத்துக்கே முகவரியிட்டு ஒரு சுற்றறிக்கை அச்சிட்டார். பூமி உள்ளே கூடு, குடியிருக்கத் தக்கது, துருவங்களில் திறந்திருக்கிறது. துணிச்சலான 100 பேர் கிடைத்தால் சைபீரியாவிலிருந்து கலைமான் வண்டிகளில் கிளம்பலாம் என்றது அந்த அறிக்கை. தன் மனநிலை சரியாக இருப்பதாகச் சான்றிதழும் இணைத்திருந்தார். (திறந்த மடல் எழுதும் எனக்கு இது சற்று உறுத்துகிறது. சான்றிதழ் எதுவும் இணைக்கவில்லை.) 1822இல் விண்ணப்பம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய்க் கிடப்பில் விழுந்தது. ஹாலிக்கும் சிம்ஸுக்கும் நடுவே ஏதோ ஒன்று நடந்திருந்தது. அதைச் சிம்ஸ் கவனிக்கவில்லை. பாடத்தின் நடுப்பகுதி அதுவாக இருக்கட்டும்.

நடந்தது இது. லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் என்ற கூச்ச சுபாவக்காரர், அறுபது வயதைக் கடந்த பின், தன் வீட்டு வளாகத்தில் ஒரு கருவியை நிறுத்தினார். ஆறடி மரச்சட்டம், இரு முனைகளிலும் சிறு ஈயக்குண்டுகள், நடுவில் மெல்லிய கம்பியால் தொங்கவிட்டது. அருகே, ஒவ்வொன்றும் 158 கிலோ எடையில் இரண்டு பெரிய ஈயக்குண்டுகள். பெரியது சிறியதை இழுக்கும். சட்டம் சில மில்லிமீட்டர் திரும்பும். ஆள் உள்ளே நின்றால் உடற்சூட்டில் காற்று புரண்டு அளவு கெட்டுவிடும் என்பதால் அறையைச் சாத்திவிட்டு, வெளியே நின்று, சுவரில் பொருத்திய தொலைநோக்கி வழியாக அளவைப் படித்தார். 1798இல் வந்த விடை: பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் 5.48 மடங்கு. இன்றைய அளவு 5.51. நம் காலடியில் கிடக்கும் பாறையின் அடர்த்தியோ சுமார் 2.7 மடங்குதான். உள்ளே வெற்றிடம் இருந்தால் சராசரி பாறையைவிடக் குறைந்திருக்க வேண்டும். இங்கே இரண்டு மடங்காக நிற்கிறது. பூமிக்குள் எட்டிப் பார்க்காமலே, ஒரு கொட்டகையில் நின்று, ஒருவர் உள்ளே கனம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

கெட்டிக்கார மாணவன் விடமாட்டான்: ஓடே இரும்பாக இருந்தால்? அதற்கும் பதில் உண்டு, மேல்வகுப்பில் சொல்லலாம். சுழலும் பொருளின் எடை மையத்தருகே இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா என்பதை அதன் சுழற்சி காட்டிக்கொடுக்கும். எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பதை ஓர் எண்ணால் சொல்லலாம்: சீரான திடக்கோளத்துக்கு அந்த எண் 0.4, மெல்லிய கூட்டுக்கு 0.67, பூமிக்கு 0.33. எடை நடுவில் குவிந்திருக்கிறது.

நிலநடுக்க அலைகளுக்கு நீங்கள் தந்த ஒற்றை வாக்கியத்தை இங்கே எப்படி எழுதலாம் என்றும் சொல்கிறேன். 1929இல் நியூசிலாந்தில் பெரிய நிலநடுக்கம். டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெ லேமன் (Inge Lehmann) என்ற நிலநடுக்க ஆய்வாளர், உலக நிலையங்களின் பதிவுகளைப் பார்க்கிறார். அலைகள் வந்துசேரக் கூடாத நிழல் மண்டலத்தில் மெல்லிய அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன. கணிப்பொறி இல்லாத காலம். ஓட்ஸ் வாங்கிய அட்டைப்பெட்டிகளில் குறிப்பு அட்டைகளை அடுக்கி, எந்த ஊரில் எந்த நேரத்தில் அலை வந்தது என்று கணக்குப் போடுகிறார். 1936இல், கருவத்துக்குள் இன்னொரு கருவம் இருக்கிறது என்று அறிவிக்கிறார். பூமியின் நேர் எதிர்ப்பக்கத்தில் நடக்கும் அதிர்ச்சியின் முதல் அலை மையத்தின் வழியாக 20 நிமிடத்தில் நம்மிடம் வந்துவிடுகிறது. நடுவே வெற்றிடம் இருந்தால் அந்த அலைக்கு வழியே கிடையாது. ‘யார் பார்த்தார்கள்’ என்ற பிள்ளைக்கு அந்த அட்டைப்பெட்டிகளைக் காட்டலாம்.

துருவ வாசல்களைப் பயிற்சிக் கேள்வியாக்குங்கள், பிள்ளைகளே துப்பறியட்டும். 1968 நவம்பர் 23 அன்று ஒரு வானிலைச் செயற்கைக்கோள் தந்த படத்தில் வடதுருவத்தில் வட்டமான கருங்குழி தெரிகிறது. அது ஒரு நாள் முழுவதும் எடுத்த படங்களை ஒட்டிச் சேர்த்த படம். நவம்பர் இறுதியில் வடதுருவத்தில் வெயில் உண்டா என்று கேளுங்கள்; போதும். துருவப் பயணங்களால் பெயர்பெற்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி அட்மிரல் பேர்டின் ரகசிய நாட்குறிப்பு என்று ஒன்று உலவுகிறது. அவர் 1947 பிப்ரவரியில் ஆர்க்டிக் பகுதியில் பறந்து உள்ளுலகுக்குள் நுழைந்தாராம். அந்த மாதம் அவர் அண்டார்டிகாவில் ஒரு கடற்படைப் பயணத்தில் இருந்தார். 2007 ஆகஸ்டில் இரண்டு ரஷ்ய நீர்மூழ்கிக் கலங்கள் வடதுருவத்தின் நேர் அடியில் 4,200 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கடல்தரையைத் தொட்டன. தென்துருவத்தில் 1957 முதல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆட்கள் ஆண்டு முழுவதும் குடியிருக்கிறார்கள். வாசற்படியில் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால்கூட இவ்வளவு காலம் எப்படி மறைப்பது?

நூலைக் குழுவினர் பரிசீலிக்கும்போது, புராணத்தில் உள்ளதே என்று யாராவது தடை சொல்லலாம். ஏழு கீழுலகங்களை நானும் ஆசையோடு படித்தவன். சோழன் பிலத்துவாரம் (நிலத்தடிக் குகைவழி) வழியே நாகலோகம் சென்று நாககன்னியைக் கூடிய கதையை நச்சினார்க்கினியர் உரையில் எடுத்தாள்கிறார். அது இளந்திரையனின் பிறப்பைச் சொல்ல வந்த கதை. அதைப் பாறை அடுக்கின் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது கதைக்குத்தான் கேவலம்.

உள்ளே குடியிருப்பவர்கள் பற்றி ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். முதலில், வெற்றுக்கூட்டின் உட்சுவரில் யாராலும் நிற்க முடியாது: சீரான கூட்டுக்குள் எந்தப் புள்ளியிலும் அதன் ஈர்ப்பு சுழி என்று நியூட்டன் 1687லேயே நிறுவினார். சுழற்சி தரும் வெளித்தள்ளலோ நம் எடையில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்குதான். உள் சூரியனையும் நடுவில் நிறுத்திவைக்க எந்த விசையும் இல்லை. பிறகு, உண்மையான குடியிருப்பாளர்களைச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில், 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், வெயிலையே அறியாத ஒரு பாக்டீரியா பாறை இடுக்கு நீரில் தனியே வாழ்கிறது. யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரைப் பிளக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜன்தான் அதன் பிழைப்புக்கு ஆதாரம். அதே நாட்டின் இன்னொரு சுரங்கத்தில் 1.3 கிலோமீட்டர் ஆழத்தில் அரை மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்று கிடைத்ததாக 2011இல் அறிவித்தார்கள். உயரமான ஞானிகளை எதிர்பார்த்த பிள்ளைக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் என் வகுப்பில் அந்த நம்பிக்கைக்காரர்கள்தான் இதைப் பற்றி அதிகம் கேள்வி கேட்டவர்கள்.

இரண்டு பக்கத்துக்கு இடம் இல்லை என்பீர்கள். மேலோட்டின் வகைகளையும் அவற்றில் எந்தத் தனிமம் எத்தனை விழுக்காடு என்பதையும் தரும் அட்டவணை ஒன்று இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். தேர்வுக்கு மறுநாள் அதை நினைவில் வைத்திருந்த ஒரு மாணவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்