அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணிக்கு, இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் ட்ராஃப்ட்டில் ராசியே இல்லை என்று சென்ற வார விளையாட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். 1967க்குப் பிறகு, என்எச்எல் எனும் வட அமெரிக்க ஹொக்கி லீக்கின் ஸ்ரான்லி கிண்ணத்தைக் காணாத இந்த அணிக்காக நானும் பொருமிக்கொண்டிருப்பவன்தான். ஆனாலும் ராசியின் தலையில் பழியைப் போடுவதை ஏற்க முடியவில்லை.

2011 ஜூன் ட்ராஃப்ட்டை எடுத்துப் பாருங்கள். முறைப்படி 9ஆவது தெரிவு லீஃப்ஸுடையது. ஆனால் பில் கெசல் என்ற வீரரை வாங்குவதற்காக 2009இலேயே இரண்டு ஆண்டுகளின் முதற்சுற்றுத் தெரிவுகளைப் பொஸ்ரன் அணிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. 2010இல் லீஃப்ஸ் 30 அணிகளில் 29ஆவதாக முடித்தது. கீழே முடிக்கும் அணிக்கு முன்னால் தெரிவு கிடைப்பது வழக்கம்; அதன் பலனாக வந்த 2ஆவது தெரிவில் பொஸ்ரன் எடுத்தது நம் பக்கத்து பிரம்ப்ரன் பையன் ரைலர் சேகனை. மறு ஆண்டு, ரொறன்ரோவிலேயே பிறந்த டகி ஹமில்ரனை. கெசல் கோல் அடித்தார், மறுக்கவில்லை. பட்டியலின் அடியில் கிடக்கும் அணியை அவர் ஒருவர் தூக்கி நிறுத்த முடியுமா?

அதோடு விட்டார்களா? 2011இல் கையில் மிஞ்சியிருந்த 30ஆவது, 39ஆவது தெரிவுகளை அனஹைம் அணிக்குக் கொடுத்துவிட்டு 22ஆவது இடத்துக்கு ஏறினார் முகாமையாளர் பிரையன் பேர்க். உடம்பும் மோதலும் உள்ள ஆட்டம்தான் அவருக்குப் பிடிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆறடிக்கு மேல் வளர்ந்த ரைலர் பிக்ஸை எடுத்தார். பிக்ஸ் என்எச்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்தப் பையனைத் திட்டி என்ன பயன்? 25ஆவதாக வந்த ஸ்ருவேர்ட் பேர்சியும் 12 ஆட்டங்களோடு சரி. அனஹைம் என்ன செய்தது? 30இல் றிக்கார்ட் ரக்கெல், 39இல் ஜோன் கிப்சன். ரக்கெல் மூன்று பருவங்களில் 30 கோல்களைத் தாண்டினார். கிப்சன் பத்தாண்டுக்கு மேல் அங்கே கோல் காத்தார்.

நல்ல கோல் காப்பாளர் கிடைக்காமல் லீஃப்ஸ் பட்ட பாட்டை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 2005இல் 21ஆவதாக ரூக்கா ராஸ்க்கைச் சரியாகத்தான் தெரிந்தெடுத்தார்கள். மறு ஆண்டே அன்ட்ரூ றேகுரொஃப்ற் என்ற இன்னொரு காப்பாளருக்காக அவரைப் பொஸ்ரனிடம் கொடுத்தார்கள். 2013 மே 13, பொஸ்ரனுடனான வெளியேற்றுச் சுற்றின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டம், 4-1 என்று லீஃப்ஸ் முன்னிலை. மிச்சம் எல்லோருக்கும் தெரியும்: 5-4 என்று தோற்று வெளியேறினார்கள். எதிர்ப்பக்கக் கோல் வாசலில் நின்றவர் அதே ராஸ்க்.

விதைநெல்லைக் குற்றித் தின்னும் இந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. 2025 ட்ராஃப்ட்டில் முதற்சுற்றுத் தெரிவு சிக்காகோவிடம் போயிருந்தது; லீஃப்ஸ் முதற்பெயரைச் சொன்னது 64ஆவது இடத்தில். அதே ஆண்டு மார்ச்சில் பிரண்டன் கார்லோவுக்கும் ஸ்கொட் லோட்டனுக்குமாக 2026, 2027 முதற்சுற்றுத் தெரிவுகளையும் நிபந்தனையோடு தாரை வார்த்தார்கள்.

அடுத்த முறை ட்ராஃப்ட் முடிவுகளை வெளியிடும்போது, எந்தத் தெரிவு யாருக்காக யாரிடம் போனது என்பதையும் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

ஒரு வாசகன்,
ஸ்காபரோ