மைலேஜ் குறைந்தால் பிளக்கை மாற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்று கார் வைத்திருப்பவர்கள் பலர் சொல்லி வருகிறார்கள். முனையில் இரிடியம் உலோகம் வைத்த ஸ்பார்க் பிளக்கும், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலில் அதிக வோல்ட் ரகமும் போட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும் என்று உதிரிபாகக் கடைகளிலும் பணிமனைகளிலும் அடித்துச் சொல்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இது குறித்துச் சில விவரங்களை எழுத விரும்புகிறேன்.

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஏற்கெனவே 10 சதவீதக் கலப்பில் ஓடிக்கொண்டிருந்த கார் 20 சதவீதத்துக்கு மாறும்போது, வெறும் ஆற்றல் கணக்கில் பார்த்தால் குறைவு மூன்று, மூன்றரை சதவீதம்தான் வரும். கலப்பில்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்பது நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீடு. எரிபொருளில் இல்லாத ஆற்றலை எந்தப் பிளக்காலும் உண்டாக்க முடியாது. ஆனால் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த கார் 12 ஆகிவிட்டது என்றால், எத்தனாலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைத் தீப்பொறியால் எரியவைக்கும் பற்றவைப்பு அமைப்பையும் பார்த்தாக வேண்டும்.

பிளக் வாங்கும்போது பெரும்பாலோர் கவனிக்காதது அதன் வெப்ப எண், அதாவது முனையின் சூட்டை அது எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைக் காட்டும் எண். எரியும்போது பிளக்கின் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி தானே எரிந்து போகும். 850 டிகிரியைத் தாண்டினால் தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் முனையை வைத்திருக்கும் பிளக் எதுவென்று தயாரிப்பாளர் சோதித்துத்தான் கையேட்டில் எண் கொடுக்கிறார். குழப்பம் என்னவென்றால், என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடக்கூட பிளக் குளிர்ச்சியானது. போஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடக்கூட சூடானது. என்.ஜி.கே. 6 எண்ணுக்கு போஷில் 7 இணை, 5 எண்ணுக்கு 8 இணை. மரை சரியாக ஏறுகிறது, ஆகவே பிளக்கும் சரி என்று எண்களை ஒப்பிடாமல் மாட்டிவிட்டால், நகருக்குள் மெதுவாக ஓடும் காரில் கரி பிடித்து மிஸ்ஸிங் (சிலிண்டரில் கலவை பற்றாமல் போவது) வருவதற்கும், நெடுஞ்சாலையில் முனை வெளுத்துப் பொரிவதற்கும் அதுவே காரணமாகிவிடும்.

இரிடியம் பிளக் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அந்த உலோகத்தின் உருகுநிலை 2,400 டிகிரிக்கும் மேல். அதனால் முனையை மெல்லிய கம்பியாக வைத்தாலும் எளிதில் தேயாது, குறைந்த வோல்ட்டிலேயே பொறி பாயும், நிக்கல் பிளக்கைவிடப் பல மடங்கு தூரம் உழைக்கும். கையேட்டில் இரிடியம் என்று இருந்தால் அதையே போட வேண்டும். நிக்கல் பிளக் நன்றாக வேலை செய்யும் இன்ஜினில் அதற்குப் பதில் இரிடியம் போட்டதால் மைலேஜ் கூடியதை நான் கண்டதில்லை. காயில் சங்கதியும் இதுதான். 40,000 வோல்ட் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், பிளக் இடைவெளியைத் தாண்டத் தேவையான அளவு வந்ததும் பொறி பாய்ந்துவிடுவதால் வோல்ட் அதற்குமேல் ஏறுவதில்லை.

உண்மையில் திருத்தி லாபம் பார்க்க இடமிருப்பது, சிலிண்டர்களுக்கு முறைவைத்து மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800 போன்ற கார்களில்தான். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் உள்ள வண்டியில் முதலில் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்துவிட்டு அதன் பிறகே டைமிங், அதாவது பொறி வரும் நேரம், வைக்க வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் நகர்ந்துவிடும் என்பதால் வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டாவது வேலை முதல் வேலையைக் கெடுத்துவிடும். காதால் கேட்டு டைமிங் வைக்கும் கைராசிக்காரர்களை நானும் மதிக்கிறேன் என்றாலும் டைமிங் லைட் பொய் சொல்லாது. அதைவிட முக்கியமானது வாக்குவம் அட்வான்ஸ். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து ஒரே சீராக ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு. அது மெதுவாக எரியும். ஆகவே பொறி இன்னும் முன்னதாக வர வேண்டும். இன்ஜினின் உறிஞ்சு இழுப்பால் பொறியை முன்னே தள்ளுவதற்காகவே டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ரப்பர் சவ்வு வைத்த தட்டையான டப்பா இருக்கிறது. சவ்வு கிழிந்துவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், முழுதாக மிதித்தால் பிக்கப்பும் இருக்கும். பெட்ரோல் மட்டும் கூடுதலாகச் செலவாகும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரப்பர் குழாயின் கார்புரேட்டர் பக்க முனையை வாயில் வைத்து உறிஞ்சினால் உள்ளிருக்கும் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். காற்று தடையின்றி வந்தால் சவ்வு போய்விட்டது என்று அர்த்தம். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் காயிலை மாற்றும் வழக்கம் எனக்குப் பிடிபடுவதே இல்லை. டைமிங்கை அளவுக்கு மீறி முன்னே தள்ளுவதும் கூடாது; ஏற்றத்தில் நாக்கிங் சத்தம் (கலவை தாறுமாறாக எரிவதால் வரும் தட்டல்) கேட்டால் பின்னே கொண்டுவர வேண்டும்.

இன்ஜினை இயக்கும் கணினியான இசியு உள்ள புதிய கார்களில் டைமிங்கைத் திருப்பிவைக்க எதுவுமில்லை. அவற்றில் மிஸ்ஸிங் வந்தால் ஸ்கேனரில் பி0301, பி0302 என்ற கோளாறுக் குறியீட்டால் எந்த சிலிண்டர் என்பதே தெரிந்துவிடும்; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கி உருக்கிவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சென்னையின் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற இடங்களில் கடை நடத்துவோரிடமும் பணிமனை வைத்திருப்போரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பில்லில் 'பிளக் 4' என்று மட்டும் எழுதாமல் முழு எண்ணையும் குறிப்பிடுங்கள். கழற்றிய பிளக்குகளை எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று குறித்து வண்டிக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் இன்ஜின் நலம், கரி படிந்திருந்தால் கலவையையோ பொறியையோ பார்க்க வேண்டும், எண்ணெய் ஈரமாக இருந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும் என்பதை அடுத்த மெக்கானிக் அவற்றைப் பார்த்தே கண்டுகொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
கோயம்புத்தூர்