எல்.கே.ஜி. படிவத்தில் ஏக்கர் கணக்கு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் ஒரு இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று என்று வருஷம் முழுக்க வேலை இருந்தாலும், பள்ளி அட்மிஷன் சீசனில்தான் கடையில் நிற்க இடமிருக்காது. தனியார் பள்ளிகளின் எல்.கே.ஜி. விண்ணப்பங்களையும் "நீங்களே எழுதிக் கொடுங்க அக்கா" என்று கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் படிவங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் படிவம் நான்கு பக்கம். குழந்தையைப் பற்றிய கேள்விகள் முதல் பக்கத்தோடு சரி: பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, தடுப்பூசி. மீதி மூன்று பக்கமும் பெற்றோர் புராணம். அப்பா எதுவரை படித்தார், அம்மா எதுவரை படித்தார், வேலை எங்கே, மாத வருமானம் எவ்வளவு, வீடு சொந்தமா வாடகையா, கார் உண்டா, தேயிலைத் தோட்டம் இருந்தால் எத்தனை ஏக்கர். மூன்றரை வயசுப் பிள்ளைக்கு 'அ' போடச் சொல்லித்தர ஏக்கர் கணக்கு எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கொழுந்து எடுக்கும் ஒரு அம்மா போன சீசனில் வந்திருந்தார். வீட்டுக்காரர் பிக்கப் ஓட்டுகிறார், வண்டி முதலாளியுடையது. வாகனம் என்ற கட்டத்துக்கு வந்ததும், "அந்த வண்டி நம்பரையே போட்டுடலாமா அக்கா? வெறும் கோடு போட்டா தப்பா நினைப்பாங்களோ?" என்று கேட்டார். வேண்டாம் என்று கோடுதான் போட்டேன். அம்மாவின் படிப்பு, சொந்த வீடு, தோட்டம் என்று அந்தப் பக்கம் முழுக்கக் கோடுகள். அன்றைக்கே இன்னொருவர் காரில் வந்து, ஏக்கரை முதலில் எழுதச் சொன்னார். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது!

யாருக்கு ஏன் சீட் கிடைத்தது என்று எந்தப் பள்ளியும் எழுதி ஒட்டுவதில்லை. ஆனால் எதற்கும் உதவாத கேள்வியை யாராவது அச்சடித்து, அதற்கு ஒரு கட்டமும் போட்டு வைப்பார்களா? அப்புறம் "சும்மா பேசத்தான்" என்று அப்பா அம்மா இருவரையும் வேறு வரச் சொல்கிறார்கள்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 13-வது பிரிவு இதைத் தெளிவாகவே தடுக்கிறது. நன்கொடை கேட்டால், கேட்ட தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம். குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்வு செய்தால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அதற்கப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை. படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால், அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. பள்ளிகள் சலித்து எடுப்பதோ மூன்றரை வயதில். ஒன்றாம் வகுப்பு வரும்போது யு.கே.ஜி. பிள்ளைகளே எல்லா பெஞ்சிலும் உட்கார்ந்திருப்பார்கள், சட்டம் வந்து காப்பாற்ற அங்கே இடமே மிச்சமிருக்காது. இதே சட்டப்படி தனியார் பள்ளிகள் நலிந்த, பின்தங்கிய பிரிவினருக்கு ஒதுக்க வேண்டிய 25 சதவீத இலவச இடங்கள் போக மற்ற நர்சரி இடங்களுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றமே 2013-இல் சொல்லிவிட்டது. சட்டத்தைத் திருத்துவது பற்றி மத்திய அரசு யோசிக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

டெல்லி அரசு சும்மா இருக்கவில்லை. 2016 ஜனவரியில், நர்சரி சேர்க்கைக்குப் பள்ளிகள் வைத்திருந்த 62 அளவுகோல்களை ரத்து செய்தது. புகை பிடிக்காத பெற்றோருக்கு முன்னுரிமை என்பதுகூட அதில் ஒன்று. சிலவற்றை நீதிமன்றம் நிறுத்தி வைத்தாலும் பெரும்பகுதி போனது போனதுதான். நம் மாநிலத்தில் அப்படி ஒரு பட்டியல் எடுத்துப் பார்த்தாலே பாதி வேலை முடியும்.

இலவச இடம்தான் இருக்கிறதே என்பார்கள். மலையில் அது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளி மேட்டில், சுற்றிலும் பங்களாக்களும் தோட்டமும். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் எங்கோ கீழே. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புக்குப் பிறகு இந்தச் சட்டமே கிடையாது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சந்தேகம் எழுப்பியிருக்கிறது, பார்ப்போம். இன்னொன்று: 2 லட்சம் ரூபாய் ஆண்டு வருமானம் என்ற வரம்பு நலிந்த பிரிவினருக்கு மட்டும்தான். பி.சி., எம்.பி.சி. என்று விண்ணப்பித்தால் வருமானம் கேட்பதில்லை. ஆகவே தோட்டக்காரர் பிள்ளையும் தோட்டத்தில் வேலை செய்பவர் பிள்ளையும் ஒரே குலுக்கலில். இட ஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், அதனால் படித்து வந்தவள்தான் நான். காசு கட்டிச் சேரும் படிவத்தில் வருமானத்தைக் கேட்கிறார்கள், இலவச இடத்துக்கு பி.சி., எம்.பி.சி. என்று போட்டால் கேட்பதில்லை. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இந்த மலையில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்த பள்ளியும் உண்டு. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-இல் தொடங்கியது வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும்தான். இன்று அங்கே கட்டணம் லட்சங்களில். சரி, அது பெரிய இடத்து விஷயம், விடுங்கள். நான் சொல்வது ஊருக்குள் வேன் ஓடும் சாதாரண மெட்ரிக் பள்ளிகளை.

தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். அடுத்த சேர்க்கை தொடங்குமுன் ஒவ்வொரு பள்ளியின் வெற்றுப் படிவத்தையும் வாங்கிப் பார்த்து, பெற்றோரின் வருமானம், சொத்து, படிப்பு பற்றிய கட்டங்களை நீக்கச் சொல்லட்டும். கட்டணம் கட்ட முடியுமா என்ற கவலை பள்ளிக்கு இருந்தால், கட்டண நிர்ணயக் குழு தந்த தொகையை முதல் பக்கத்திலேயே அச்சடிக்கட்டும், கட்ட முடிந்தவர்கள் விண்ணப்பித்துக்கொள்வார்கள். படிவம் கிடைக்கவில்லை என்று அலுவலகத்தில் சொன்னால் என் கடைக்கு ஆள் அனுப்பலாம். வெற்றுப் படிவங்கள் ஒரு கட்டு இருக்கிறது, ஜெராக்ஸ் காசுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.