தண்ணீர் போகிற வழியில் நடக்கலாம், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

தையில் பிள்ளைகளோடு செட்டிநாட்டுக்கு வர நீ போட்டு அனுப்பிய பட்டியல் வந்தது. ஐந்து நாள், பதினோரு வீடு, ஏழு கோயில், ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கிற இடம், மூன்றாம் நாள் சாயங்காலம் நாலரை முதல் ஐந்தரை வரை ‘பிள்ளைகளுடன் நடை’. என் வீட்டுக்காரி, உன் அண்ணமிண்டியிடம் படித்துக் காட்டினேன். “ஊருக்கு வர்றாளா, ஆடிட்டுக்கு வர்றாளா?” என்று கேட்டாள்.

போன தடவை நடந்தது ஞாபகம் இருக்கும். கானாடுகாத்தானில் இரண்டாவது வீட்டுக்குள் நுழைந்ததுமே சின்னவள் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைக் கல்லில் ஒட்ட வைத்துக்கொண்டு, “சில்லுனு இருக்கு, நான் வரலை” என்றாள். பர்மாத் தேக்கை அண்ணாந்து பார்க்கிற வயசா அவளுக்கு? வீடு ஒன்று போதும், அதுவும் நம் வீடு. மற்ற நேரமெல்லாம் நடப்போம்.

எத்தனை கிலோமீட்டர் தாங்குவாள் என்று கேட்டிருந்தாய். நாலு வயசுப் பிள்ளைக்குக் கிலோமீட்டர்க் கணக்கு ஒத்துவராது. ஒரு நண்டு வளையிலிருந்து அடுத்த வளை வரைக்கும் நடப்பாள், அங்கே கால் மணி நேரம் உட்காருவாள். அதற்கு இடம் கொடுத்தால் காலையில் இரண்டு மணி நேரம் சிணுங்காமல் வருவாள். பெரியவனுக்கு ஒன்பது வயசு, அவனுக்குத் துப்புத் துலக்க ஏதாவது வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் யோசித்த வழி இதுதான்: இந்த ஊர்த் தண்ணீர் எப்படிப் போகிறதோ அப்படியே பின்னால் போவது.

முதல் நாள் வளவிலிருந்து, வீட்டு நடு முற்றத்திலிருந்து கிளம்புவோம். நாலு பக்க ஓட்டிலிருந்தும் மழை வளவுக்குள் விழும். ஐயா காலத்தில் அதைக் கிடாரம் என்கிற பெரிய அண்டாவில் பிடித்தது போக மிச்சம் வாறுகால் என்கிற வடிகால் வழியாகத் தெருவுக்கு வந்து ஊரணிக்குப் போனது. அந்த வாறுகாலைப் பெரியவன் கண்டுபிடிக்கட்டும், சில இடத்தில் சிமெண்டு போட்டு மூடிவிட்டார்கள், தேட வேண்டியிருக்கும். ஊரணியைச் சுற்றி வர நமக்குப் பத்து நிமிசம், சின்னவளுக்கு முக்கால் மணி. குடிதண்ணீர் ஊரணி என்றால் செருப்போடு படியில் இறங்கக் கூடாது, கால் அலம்பக் கூடாது என்று முதலிலேயே சொல்லி வை. செம்புராங்கல் படியில் பாசி பிடித்திருக்கும், உன் கை அவள் கையை விடக் கூடாது.

மறுநாள் கண்மாய்க்கரை, ஏரிக்கரைதான். எனக்குப் பிடித்தது இதுதான், இதற்கு ஒரு காலைப்பொழுது முழுசாக வேண்டும். தையில் பொழுது ஆறரைக்கு மேல்தான் விடிகிறது, அதனால் பிள்ளைகளை இருட்டில் எழுப்ப வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்த வருசம் என்றால் தையில் தண்ணீர் கரை தொட நிற்கும். கரை மேட்டில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கீழே வயல். நடுவில் மடை வரும், பெரியவன் எட்டிப் பார்த்துத் தண்ணீர் வயலுக்கு எப்படி இறங்குகிறது என்று கேட்பான். கடைசியில் கலுங்கு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதில் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். இப்படிக் கண்மாய் மாற்றிக் கண்மாய் கிழக்கே இறங்கி, மணிமுத்தாறு, விருசுழி, பாம்பாறு என்ற நம் சின்ன ஆறுகளோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது என்று அங்கே வைத்துச் சொன்னால் அவன் பிடித்துக்கொள்வான். பள்ளிக்கூடப் படத்தில் இந்த ஆறுகள் இருக்காது.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மாசியில் என் மகனை ரப்பர் செருப்போடு இதே கரைக்குக் கூட்டிப் போனேன். பாதிக் கரையில் சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிட்டது. அவன் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் பறந்துபோனது. அண்ணமிண்டி தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தாள், எச்சில் தொட்டு, தோலைக் கீறி, முள்ளின் தலையை நிமிண்டினாள். அந்த நேரம் பார்த்து ஒரு மீன்கொத்தி கல் விழுந்த மாதிரி தண்ணீரில் பாய்ந்து, வாயில் மீனோடு மடைமேல் வந்து உட்கார்ந்தது. மீனை இப்படியும் அப்படியும் கல்லில் அடித்துத் தலை முதலாக விழுங்கியது. பையன் அழுகையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோதே முள் வந்துவிட்டது. அதற்கப்புறம் கால் மூடின ஷூ இல்லாமல் யாரையும் கரையில் ஏற்றுவதில்லை. கையில் ஒரு கம்பும் வேண்டும், பாம்பு இருக்கிற இடம், தட்டிக்கொண்டே போனால் அது பாட்டுக்கு ஒதுங்கிவிடும்.

தின்பதற்கு பிஸ்கட் பாக்கெட் எல்லாம் கொண்டு வராதே. தை பனங்கிழங்குக் காலம். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து வைத்திருப்போம். தோலை உரித்து, நெடுகப் பிளந்து, நடுவில் இருக்கிற பீலியை எடுத்துவிட்டு, ஒடித்து மென்று தும்பு நாரைத் துப்ப வேண்டும். துப்பலாம் என்று பெரியவர்களே சொல்கிற தீனி வேறு எது? உன் மகள் இதற்காகவே இன்னும் அரை மைல் நடப்பாள்.

மூன்றாம் நாள் பறவை பார்க்க வேட்டங்குடி போகலாம், திருப்பத்தூருக்கும் மேலூருக்கும் இடையில் இருக்கிறது. 1977-இல் சரணாலயம் ஆக்கினார்கள். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் வரும், மழை பொய்த்தால் வராது. பறவைகள் மிரளும் என்று அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இதைக் கேட்டதும் பெரியவன் குரலைத் தாழ்த்திவிடுவான் பார்.

திருமயம் கோட்டையும் நல்லதுதான். 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது, மேலே பீரங்கி இருக்கிறது, ஏறி நின்றால் சுற்றி எங்கே பார்த்தாலும் கண்மாய். ஆனால் பாறை சீக்கிரம் சுட ஆரம்பித்துவிடும், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். பொங்கல் ஒட்டி வருவதால் இன்னொன்று: சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் அந்தப் பக்கம் நடையே வேண்டாம். காளை பொட்டலோடு நிற்காது, வேடிக்கை பார்க்கிறவர்களையும் முட்டும். மாப்பிள்ளை ஆசைப்பட்டால் அவர் மட்டும் போகட்டும்.

நாலாம் நாள் கடல். அன்றைக்குக் கார். தேவகோட்டை வழியாகத் தொண்டி. மெரினா மாதிரி அலை இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்காதே, இது பாக் விரிகுடா, ஆழம் குறைந்த கடல், விடியற்காலையில் குளம் மாதிரி கிடக்கும். மணல் கொஞ்சம், சேறு கொஞ்சம். கரையில் கறுப்பாக வைக்கோல்போர் மாதிரி ஒதுங்கிக் கிடப்பது கடற்புல். வாடை அடிக்கும், மூக்கைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் அதுதான் ஆவுளியாவுக்குச் சாப்பாடு. கடற்பசு என்போமே, அதுதான். இங்கிருந்து வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் அதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். அது நம் கண்ணில் படும் என்று ஆசை காட்டாதே, அதன் தீனியைக் கையில் எடுத்துப் பார்ப்பதே போதும்.

வள்ளம் வந்து சேரும் நேரத்தில் நண்டு வலையைப் பரப்பிப் பெண்கள் நண்டைச் சிக்கெடுப்பார்கள். நீலக்கால் நண்டு, காலும் ஒடியாமல் வலையும் அறாமல் எடுக்கிற அந்த விரல் வேகத்தைப் பெரியவன் பார்க்க வேண்டும். கேட்டுக்கொண்டு படம் எடு. வெறுங்காலோடு ஓட விடாதே, கழித்துப் போட்ட திருக்கையும் கெளுத்தியும் கிடக்கும், அந்த முள் கருவேல முள்ளைவிட மோசம். தெம்பு மிச்சம் இருந்தால் திரும்பும்போது காரங்காட்டுக்குப் போய் அலையாத்திக் காட்டைப் படகில் சுற்றலாம். மரத்தின் வேர் சேற்றிலிருந்து ஆணி ஆணியாக மேலே நீட்டி மூச்சு விடுவதைச் சின்னவளும் பார்ப்பாள்.

ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் கிளம்பும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டும். கரையில் ஒதுங்க இடம் கிடையாது. இதை எந்தச் சுற்றுலாக் கையேடும் எழுதாது, நான் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாளுக்கு ஒன்றும் போடவில்லை. தைப்பூசம் நெருங்கியிருந்தால் பழனிக்கு நடக்கிற நம் நகரத்தார் ஆட்கள் குன்றக்குடிப் பாதையில் போவார்கள். காவடியோடு போய், திரும்பியும் நடந்தே வருகிறவர்கள். அவர்கள் பின்னால் ஒரு ஃபர்லாங் போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். இல்லையென்றால் சின்னவள் தரையில் படுத்துக்கொள்ளட்டும்.

பல்லவன் ரயிலில் வருகிறீர்களா, காரிலா என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. ரயில் என்றால் ராத்திரி ஸ்டேசனுக்கு நான் வந்துவிடுவேன். பெட்டியில் இரண்டு ஊக்கு போட்டுக்கொள்.

இப்படிக்கு,
அண்ணன்