காந்தத்தில் ஒட்டவைப்பது சுலபம், கழற்றுவதுதான் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூலிகையையும் நானோ துகளையும் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்கப்படும் நுண்துகள்) சேர்த்து வரும் செய்திகளில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப அச்சேறுகிறது. 'துளசியிலிருந்து நானோ துகள்' வேறு, 'நானோ துகளைக் கொண்டு துளசியிலிருந்து மருந்துப்பொருள்' வேறு. இரண்டும் எதிரெதிர்த் திசை. நம் கல்லூரிகளில் அதிகம் நடப்பது முதலாவது. 100 மில்லி தண்ணீரில் 17 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட்டைக் கரைத்து, அதில் 90 மில்லிக்கு 10 மில்லி இலைச்சாறு ஊற்றி வைத்தால் கரைசல் மெல்லப் பழுப்பேறும். வெள்ளி அயனி துகளாகிவிட்டது என்று பொருள். நல்ல வேலைதான். ஆனால் அதில் இலையின் சத்து செலவாகிறதே ஒழிய, யாரும் அதைப் பிரித்தெடுக்கவில்லை.

பிரித்தெடுப்பதற்கு நல்ல உதாரணம், 2014இல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. 20 நானோமீட்டருக்கும் சிறிய அனடேஸ் என்ற படிக வகை டைட்டானியம் டை ஆக்சைடு துகள்களை, ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடிக்கு உயிரோடிருக்கும்போதே கொடுத்தார்கள். துகள்கள் செல்லுக்குள் போய், ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரச் சத்துப்பொருள்களைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தன. கரிமக் கரைப்பான் வேண்டியிருக்கவில்லை, செடியும் சாகவில்லை. வெளியே வந்ததில் குவெர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டின் வகைதான் மிகுதி. காரணம், குவெர்செட்டினில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கேட்டகால் அமைப்பு என்பார்கள். இரண்டும் சேர்ந்து நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல டைட்டானியம் அணுவைக் கவ்விக்கொள்ளும். கவ்வியதும் வெள்ளைத் தூள் ஆரஞ்சு நிறத்துக்கு மாறுவது கண்ணுக்கே தெரியும்.

நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராபோலைடில் இந்தக் கொடுக்கு கிடையாது. அதே தூளை அதில் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். நித்தியகல்யாணியின் ஆல்கலாய்டுகள் (நைட்ரஜன் கொண்ட மருந்துப்பொருள்கள்) அமிலக் கரைசலில் நேர்மின்னேற்றம் பெறுகிறவை. அவற்றுக்கு எதிர்மின்னேற்றமுள்ள சிலிக்கா பரப்புதான் பொருந்தும். எல்லா மூலிகைக்கும் ஒரே துகள் என்று யாராவது சொன்னால், தாராளமாகச் சந்தேகப்படலாம்.

சாதாரண ஆய்வகத்தில் செய்து பார்க்கக்கூடியது காந்த முறை. காந்தம் இழுக்கும் துகளைச் செய்து, அதில் மருந்துப்பொருளை ஒட்டவைத்து, காந்தத்தால் ஒதுக்கி எடுப்பது. 5.4 கிராம் ஃபெரிக் குளோரைடு (ஆறு நீர் மூலக்கூறு கொண்டது), 2 கிராம் ஃபெரஸ் குளோரைடு (நான்கு நீர் மூலக்கூறு கொண்டது) இரண்டையும் காற்று நீக்கிய 100 மில்லி தண்ணீரில் கரைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 80 டிகிரியில் வைத்து, 25 சதவீத அம்மோனியாவைச் சுமார் 15 மில்லி, பிஎச் 10ஐத் தொடும்வரை விடவேண்டும். கருகருவென்று மேக்னடைட் (காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு) விழும். கருமைக்குப் பதில் செம்பழுப்பு வந்தால் ஃபெரஸ் உப்பு பழையது, அல்லது காற்று புகுந்துவிட்டது. அந்தத் தொகுதியைக் கொட்டிவிடுவது நல்லது.

இந்தக் கறுப்புத் துகளை அப்படியே இலைச்சாற்றில் போட்டுவிடுகிறார்கள். பலருடைய சோதனை கெடுவது இங்கேதான். கடுக்காய்த் தண்ணீரில் அன்னபேதி (இரும்புச் சல்பேட்) போட்டு மை காய்ச்சிய ஊர் நம்முடையது. துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரும்பு கசிந்து சாறு கறுக்கும், எடுக்க நினைத்த பொருளும் ஆக்சிஜனேற்றம் அடையும். அதனால் முதலில் துகளுக்கு மெல்லிய சிலிக்கா உறை போட்டு, அதன்மேல் டைட்டானியம் டை ஆக்சைடு படலம் ஏற்றவேண்டும்.

முருங்கையிலையிலிருந்து குவெர்செட்டின் வகைப் பொருளை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நிழலில் உலர்த்திய பொடி 10 கிராம். முதலில் ஹெக்சேனில் அலசி மெழுகையும் பச்சையத்தில் ஒரு பகுதியையும் நீக்கவேண்டும். இல்லாவிட்டால் அவை துகளின் மேல் பிசுக்காகப் படியும். பிறகு 70 சதவீத எத்தனால் 100 மில்லி ஊற்றி, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, பிஎச் 5 அளவில் வைத்து, 50 மில்லிக்கு 100 மில்லிகிராம் துகள் போட்டு அரைமணி நேரம் குலுக்கலாம். பழுப்புக் கண்ணாடிப் புட்டி கட்டாயம். அனடேஸ் புற ஊதா ஒளி பட்டால் தன்மேல் ஒட்டியதையே சிதைத்துவிடும்; ஜன்னலோரம் வைத்த புட்டியில் சத்து காணாமல் போவது இதனால்தான்.

காந்தம் வைத்தால் துகள் ஒதுங்கிவிடும், அதுவரை சுகம். கழற்றும்போதுதான் பாடு. காரக் கரைசல் போட்டால் குவெர்செட்டின் பழுப்பாகிக் கெடும். வலுவான ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டால் உறையில் விரிசல் இருக்கும் இடத்தில் மேக்னடைட்டே கரைந்து மஞ்சளாக இறங்கும். அமிலம் சிறிதளவு கலந்த மெத்தனாலில் கழுவுவது வழக்கம், அதையும் 15 மில்லி ஒரே தடவையாக ஊற்றாமல் 5 மில்லி வீதம் மூன்று தடவை. துகளின் பரப்பில் குவெர்செட்டின் பிடித்திருக்கும் இடத்துக்குப் போட்டிபோட சிட்ரிக் அமிலத்தையோ பாஸ்பேட்டையோ விடலாம். பிறகு அவற்றை நீக்குவது தனி வேலை.

'95 சதவீதம் உறிஞ்சியது' என்று அறிக்கையில் எழுதுவது எளிது. தொடக்க அளவிலிருந்து சாற்றில் மிஞ்சியதைக் கழித்தால் அந்த எண் வந்துவிடும். அதில் எவ்வளவு கெட்டது, எவ்வளவு கழற்றமுடியாமல் துகளிலேயே தங்கியது என்பதை அது சொல்லாது. கழுவி எடுத்த கரைசலை ஹெச்பிஎல்சியில் (கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி) அளக்கவேண்டும். ஃபீனால் வகைப் பொருள்களின் மொத்த அளவை நீல நிறத்தால் காட்டும் ஃபோலின் சோதனையை மட்டும் நம்பினால், கசிந்த ஃபெரஸ் இரும்பும் நீலம் காட்டி ஃபீனால் கணக்கில் சேர்ந்துகொள்ளும்!

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. 10 நானோமீட்டர் அனடேஸ் துகளின் பரப்பு ஒரு கிராமுக்குச் சுமார் 150 சதுர மீட்டர். ஒரு சதுர நானோமீட்டருக்கு இரண்டு குவெர்செட்டின் மூலக்கூறு என்று தாராளமாக வைத்தாலும், ஒரு கிராம் துகள் 150 மில்லிகிராமுக்கு மேல் சுமக்காது. ஒரு கிலோ குவெர்செட்டினுக்கு ஏறத்தாழ ஏழு கிலோ சுத்தமான துகள் வேண்டும். காந்த உள்ளீடு உள்ள துகள் என்றால் இன்னும் கூடும்.

மிஞ்சும் துகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உணவில் நிறமியாகச் சேர்த்துவந்த டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடைசெய்தது. '0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துவிட்டோம்' என்பார்கள். அந்தத் துளை 220 நானோமீட்டர். அதில் 10 நானோமீட்டர் துகள் தங்குதடையின்றிப் போகும். உலோகங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் டைட்டானியம், இரும்பு இரண்டையும் அளந்தால்தான் நிலவரம் தெரியும்.

அடுத்தமுறை இப்படியொரு செய்தி வரும்போது, கழற்றி எடுத்த அளவு எவ்வளவு, அதில் துகள் எவ்வளவு மிச்சம் என்ற இரண்டு எண்களையும் உங்கள் நிருபர் கேட்டு வாங்கிச் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மூலிகை வேதியியல் ஆசிரியர்கள் இருவர்,
திருநெல்வேலி