மிளகாய்க் கை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "நான் பிறந்த புதுசில நீங்கள் என்னைத் தூக்கிறதே இல்லையாம், உண்மையோ அப்பா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாய். லைன் விட்டு விட்டு வந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அம்மா சொன்னது உண்மைதான். ஏன் என்று சொல்லாமல் விட்டுவிட்டா.

நான் வன்னிக் காட்டுக்குள் இருந்த விசுவமடுவுக்குப் போனது 1971இல். படித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த பெடியளுக்குக் காட்டுக் காணி கொடுத்தார்கள். படித்த வாலிபர் திட்டம் என்று பெயர். பஸ் பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு ரோட்டால் போகும். இறங்கினால் எரித்த காட்டின் சாம்பல் கணுக்கால் வரை. பாலை, முதிரை அடிக்கட்டைகளைக் கிளப்ப முடியவில்லை. முதல் வருஷம் அவற்றைச் சுற்றியே கன்று நட்டோம். கொட்டில் வேயக் கிடுகு ஊரிலிருந்து லொறியில் வந்தது. இரவில் பன்றி வந்தால் தகரம் தட்ட வேண்டும், யானை வந்தால் மூச்சுக் காட்டக் கூடாது. இருட்டில் இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டு நாங்கள் பட்ட பாட்டை நேரில் வரும்போது சொல்கிறேன். மலேரியா வராதவன் எங்களுக்குள் ஒருவனும் இல்லை.

ஆனால் மிளகாய்க்கு நல்ல காலம். பிரதமர் சிறிமாவோவின் அரசாங்கம் இலங்கைக்கு வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவதை மறித்துவிட்டது. நாடு பாணுக்கு வரிசையில் நின்ற நேரம், எங்களிடம் செத்தல், அதுதான் காய்ந்த மிளகாய், வாங்க லொறிக்காரர் காணிக்கே வந்தார்கள். அந்தக் காசில்தான் கலியாணம் கட்டினேன். அம்மா கொட்டிலைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. "கிணறு எங்கை?" என்று மட்டும் கேட்டா. கிணறு அப்போது பாதிதான் வெட்டியிருந்தது.

நீ பிறந்தது 1976. உனக்கு மூன்று மாதம், தோட்டத்தில் மிளகாய்ப் பழம் ஆய்கிற நேரம். விடிந்தால் ஆய்வது, வெயில் ஏறினால் சாக்கு விரித்துக் காயவிடுவது, பின்னேரம் கூட்டி அள்ளுவது. சோளகக் காற்று வேறு. தூள் கண்ணுக்குள்ளும் போகும், சோற்றுக்குள்ளும் போகும். ஒருநாள் ஆசையில் உன்னைத் தூக்கிக் கன்னத்தைத் தடவிவிட்டேன். கை கழுவித்தான் இருந்தேன், பிள்ளை. நீ வீரிட்டு அழுதாய். கன்னம் சிவந்து தடித்துவிட்டது. அம்மா உன்னைப் பறித்துக்கொண்டு போய்த் தேங்காயெண்ணெய் பூசினா. என் கையிலும் எண்ணெய் பூசி, சாம்பல் போட்டு உரஞ்சிப் பார்த்தேன். அந்த எரிவு நகக் கண்ணுக்குள் இருந்தது, போகவே இல்லை.

அதற்குப் பிறகு நான் உன்னைத் தொடவில்லை. இரவில் நீ தூங்கியதும் பாயில் பக்கத்தில் படுத்து முழங்கையை நீட்டுவேன். தூக்கத்தில் அதைப் பிடித்துக்கொள்வாய். இது அம்மாவுக்குத் தெரியாது.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டது. செத்தல் விலை விழுந்தது. லொறிகள் வரவில்லை, கடன் மட்டும் நின்றது. மற்றவர்கள் தலையில் கைவைத்து இருந்தார்கள், நானும்தான். அடுத்த வருஷம் மிளகாயை விட்டுவிட்டு உளுந்து போட்டேன். கை ஆறியது. சரி, இனித் தூக்கலாம் என்று வந்தால், உனக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. பிடிக்க விடாமல் கிணற்றடியைச் சுற்றி ஓடினாய்.

அன்புடன்,
அப்பா